சத்தம் எங்கயிருந்து வருது?

நேற்றுவரை பூனை மாதிரி ஓடின எங்கட பழைய கார், ஒரு காலமை ட்ராக்டர் மாதிரி உறுமத் தொடங்கிச்சுது. "சைலன்சர் போச்சு, மாத்துவம்" எண்டார் அப்பா. முதல்ல குனிஞ்சு பாப்பம் எண்டம் நாங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க ஸ்டார்ட் பண்ணிக் கேட்டால் பாதி பிடிபட்டிடும். பொனற்றுக்குள்ள 'டிக் டிக்' எண்டு கேட்டு, சூடேறக் குறைஞ்சால், எஞ்சினோட குழாய் பொருந்துற மனிபோல்ட் பக்கம். இரும்பு விரிஞ்சு இடைவெளியை அடைக்கிறதாலதான் குறையுது. பின்னுக்கு அடித்தொண்டைக் குரலெண்டால் சைலன்சர் பெட்டி. அது உள்ளுக்கிருந்தும் துருப்பிடிக்கும். பெற்றோல் எரியேக்க தண்ணியும் உண்டாகும். சந்தைக்கும் ரியூசனுக்கும் மட்டும் ஓடுற கார் அதை ஆவியாக்கிற அளவுக்குச் சூடாகாது.

எங்கட காரில பெட்டி நல்லாத்தான் இருந்தது. நடுக்குழாய் பொருந்துற இடத்தில கறுப்பாப் புகைக்கரி. காஸ்கெட் தேய்ஞ்சிட்டுது.

சத்தம் பெரிய பிரச்சினையில்லை. (சந்தியில ஆக்கள் திரும்பிப் பாத்தது தம்பிக்குச் சந்தோசம்கூட.) ஆனால் அந்தக் கசிவு பின்சீற்றுக்கு நேர கீழ. அம்மம்மா இருக்கிற இடம். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காருக்குள்ள ஏறினால் முதல்ல வாறது தலையிடியும் தலைச்சுத்தும்தான். அம்மம்மா தலையிடிக்குது எண்டால், வெயில் எண்டுதான் எல்லாரும் நினைப்பம்.

கராஜில வேலை முடியுமட்டும் அவ ஓட்டோவிலதான் கோயிலுக்குப் போனா.