கேட்டால் சொல்வோமா, கேளாமலே சொல்வோமா?

பிரித்தானியாவில் பிள்ளைகளும் மருமக்களும் வாழும் குடும்பங்கள் இன்று நம்மவரிடையே பல. அவர்களோடு தொலைபேசியில் உரையாடும்போது, "தம்பிக்கு மூன்று புள்ளி விழுந்துபோச்சு" என்று கேள்வியுற்று, ஏதோ பரீட்சையிற் கிடைத்த புள்ளி போலும் என்றெண்ணி, "இன்னும் கொஞ்சம் கூட எடுத்திருக்கலாமே" என்று பதிலுரைத்த தாயொருவரை நாங்கள் அறிவோம். மகன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாராம்.

இப்புள்ளி கூடக் கூடத் துன்பமே கூடும். வீதிச் சட்டத்தை மீறிய சாரதியின் பதிவில் ஏற்றப்படும் தண்டப் புள்ளி இது. வேக எல்லையை மீறிய குற்றம் நீதிமன்றம் செல்லாமலே தீர்க்கப்படுமாயின் 100 பவுண் தண்டமும் 3 புள்ளிகளும் விதிக்கப்படும். வாகனம் ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் வைத்திருந்தால், 2017-ஆம் ஆண்டு முதல், 200 பவுணும் 6 புள்ளிகளும். மூன்று ஆண்டுகளுக்குள் இழைத்த குற்றங்களுக்காக 12 புள்ளிகள் சேர்ந்துவிட்டால், பொதுவாக ஆறு மாதமேனும் வாகனம் ஓட்டும் உரிமை பறிபோகும். புதிதாகச் சித்தியடைந்தவருக்கோ முதலிரண்டு ஆண்டுகளுள் 6 புள்ளிகளே போதும். அனுமதிப்பத்திரம் இரத்தாகி, அவர் மீண்டும் பயிலுநராகப் பரீட்சைக்கு அமரவேண்டும். வேல்ஸ் நாட்டில் 2023 செப்டெம்பரில், குடிமனைகள் செறிந்த வீதிகள் பலவற்றில் மணிக்கு 30 மைலாக இருந்த எல்லை 20 மைலாகக் குறைக்கப்பட்டது. நெடுநாள் பழகிய வீதியிற் பழகிய வேகத்தில் ஓட்டுபவரும் குற்றவாளியாகக்கூடும் என்பதற்கு இது சான்று.

நாங்கள் இருவரும் இலண்டனின் வடமேற்கே ஹரோவில் நெடுங்காலமாக வாழ்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலி முடிந்ததும், ஆங்கிலக் கடிதமொன்றைக் கையிற் பிடித்தபடி யாராவது எங்களை நாடி வருவது வழக்கமாகிவிட்டது. மாநகர சபையின் வரிக் கடிதம், வைத்தியசாலையின் தவணைக் கடிதம், பள்ளிக்கூடத்துக் கடிதம் என அவை பலவகை. வாசித்துப் பொருள் சொன்னதும் நன்றி கூறி எழுந்து செல்வர். ஆனால் வேகக் கமராவிற் சிக்கியவர் மட்டும் எழுந்து செல்லமாட்டார். தண்டத்தைக் கட்டிவிடலாம், அதுபற்றி அவருக்குக் கவலையில்லை. "இதைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லவேணுமோ?" என்பதே அவரைக் கதிரையோடு பிணைத்துவைக்கும் கேள்வி.

இக்கேள்விக்குப் பழைய காலத்துச் சட்டம் தந்த விடை கடுமையானது. 1760-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சொந்தமாகச் சுமாத்திரா தீவில் இருந்த மல்பரோக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். அந்நிய எதிரியாற் கோட்டை பறிபோனால் நட்டஈடு கிடைக்குமாறு அதன் ஆளுநர் காட்டர் இலண்டனிற் காப்புறுதி செய்திருந்தார். கோட்டையின் பலவீனத்தை அவர் மறைத்தார் என்று காப்புறுதி செய்தவர் பணம் கொடுக்க மறுத்தார். வழக்கு 1766-இல் மான்ஸ்பீல்ட் பிரபுவின் முன் வந்தது. காப்புறுதி பெறுபவர் தாம் மட்டுமே அறிந்த முக்கியமானவற்றை ஒளிக்கலாகாது என்று அவர் வகுத்த விதியே பின்னர் அத்துறைக்கு அடித்தளமாயிற்று. (அவ்வழக்கில் வென்றவர் ஆளுநரே என்பது வேறு கதை.) அவ்விதி 1906-ஆம் ஆண்டுக் கடற்காப்புறுதிச் சட்டத்தில் எழுத்துருப் பெற்றது. அதனால், கேட்டாலும் கேளாவிட்டாலும், முக்கியமென்று கம்பனி கருதக்கூடிய அனைத்தையும் தாமாகவே சொல்லும் கடமை சாதாரண குடும்பத் தலைவர் மீதும் வீழ்ந்தது. எது முக்கியம் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? கேட்கப்படாத கேள்விக்கு விடை கூறவில்லை என்பதற்காக நட்டஈட்டை இழக்க நேர்வது நியாயமன்று என்பதே எங்கள் கருத்து.

இந்த நிலையை மாற்றியது 2012-ஆம் ஆண்டில் நிறைவேறி 2013 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த சட்டம். தம் சொந்தத் தேவைக்காகக் காப்புறுதி பெறுபவர், கேட்கப்படும் கேள்விகளுக்குத் தக்க கவனத்தோடு உண்மையான விடை கூறினாற் போதும். கேளாததைத் தேடிச் சொல்லவேண்டிய கடமை இனி இல்லை. கேட்பது கம்பனியின் பொறுப்பு. உண்மை கூறுவது நம் பொறுப்பு.

அப்படியாயின் பேசாமல் இருந்துவிடலாமே என்று சொல்லத் தோன்றும். சென்ற ஆண்டு எங்களிடம் வந்த இளங்குடும்பத் தலைவரும் அவ்வாறே வாதிட்டார். முந்திய ஆண்டிலேயே வேக விழிப்புணர்வு வகுப்பொன்றுக்குச் சென்று புள்ளியிலிருந்து தப்பியவர் அவர். மூன்று ஆண்டுகளுக்குள் அச்சலுகை மறுமுறை கிடையாது. ஆகவே இம்முறை மூன்று புள்ளிகள் ஏறிவிட்டன. காப்புறுதியைப் புதுப்பிக்க இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

"அண்ணை, அவங்கள் கேட்கேல்லை, நான் சொல்லேல்லை. இதிலை பொய் எங்கை இருக்கு? புதுப்பிக்கேக்கை கேட்டால் அப்ப பாப்பம்" என்றார்.

"தம்பி, காப்புறுதிப் பத்திரத்தை முழுதாக வாசிச்சனீரோ?" என்று கேட்டோம்.

அவர் வாசிக்கவில்லை. யார்தான் வாசிக்கிறார்கள்! அதை எடுத்துவரச் செய்து மேசையில் விரித்தோம். பதினேழாம் பக்கத்திலே, காப்புறுதிக் காலத்தினுள் உடனே அறிவிக்கவேண்டிய மாற்றங்கள் என்னும் தலைப்பின் கீழ், முகவரி மாற்றம், தொழில் மாற்றம் ஆகியவற்றோடு, "பத்திரத்திற் பெயர் குறிக்கப்பட்ட எந்தச் சாரதிக்கும் விதிக்கப்படும் தண்டப் புள்ளிகள்" என்றும் பொறிக்கப்பட்டிருந்தது. கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது. அவர்தாம் அதைக் காணவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். எல்லாக் கம்பனிகளும் ஒரே விதியை எழுதுவதில்லை. சில கம்பனிகள் ஆண்டு நடுவிலேயே அறிவிக்கச் சொல்கின்றன; சில, புதுப்பிக்கும் நாளிற் சொன்னாற் போதும் என விட்டுவிடுகின்றன. அயல்வீட்டுக்காரர் சொல்லவில்லையே என்று அவருடைய கம்பனியின் விதியை நம்முடையதாகக் கொள்ளலாகாது. புதுப்பிக்கும்போதோ புதிய கம்பனிக்கு மாறும்போதோ கேள்வி பெரும்பாலும் வந்தே தீரும்.

இளைஞரின் நண்பர்கள் அவருக்கு வேறோர் உபாயமும் சொல்லிக்கொடுத்திருந்தனர். வாகனத்தை ஓட்டியவர் யார் என்று பொலிசார் கேட்டு அனுப்பும் படிவத்தில் மனைவியின் பெயரை எழுதியிருக்கலாமாம். அவருடைய பதிவு வெறுமையாக இருந்ததாம். நல்லவேளை, அவர் அதைச் செய்யவில்லை. இதே உபாயத்தைக் கையாண்ட அமைச்சர் ஒருவரின் கதையை நாடே அறியும். கிறிஸ் ஹியூன் என்பவர் 2003-ஆம் ஆண்டில் எம். 11 நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிய குற்றத்தின் புள்ளிகளை அவருடைய அன்றைய மனைவி விக்கி பிரைஸ் தம்மேல் ஏற்றுக்கொண்டார். இல்லறம் குலைந்த பின் உண்மை வெளியாயிற்று. அமைச்சர் 2012-இற் பதவி துறந்தார். நீதியின் போக்கைப் பிறழச் செய்த குற்றத்துக்காக 2013 மார்ச்சில் இருவருக்கும் எட்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று புள்ளிக்காக!

எங்கள் மேசையருகே அமர்ந்திருந்த இளைஞரின் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. அவர் முதியோரை அவரவர் இல்லங்களிற் சென்று பராமரிக்கும் பணியாளர். இரவிலும் அதிகாலையிலும் அந்தக் காரையே ஓட்டிச் செல்பவர். "நான் விடியப்புறம் ஓட்டேக்கை ஆரையாவது இடிச்சுப்போட்டால், அந்தச் சனத்துக்குக் காசு கிடைக்குமோ, அக்கா?" என்று அவர் கேட்டார். கணவர் கட்டணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வீதியில் அடிபடக்கூடிய மனிதரை நினைத்தார்.

அவருக்கு நாங்கள் சொன்ன விடையை இங்கும் எழுதுகிறோம். காயமுற்ற மூன்றாந் தரப்பினரைச் சட்டம் பெரும்பாலும் கைவிடுவதில்லை. நீதிமன்றம் தீர்த்த நட்டஈட்டை அவருக்குக் கம்பனி கொடுத்தாகவேண்டிய நிலையே பொதுவாக உண்டு. ஆயினும் கொடுத்த பணத்தைக் காப்புறுதி பெற்றவரிடமிருந்து திரும்ப அறவிட முனையும் வழிகள் கம்பனிக்கு இருக்கின்றன. சொந்தக் காரின் சேதமோ வேறு. புதுப்பிக்கும்போது கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ பொய் விடை கூறியவரின் ஒப்பந்தத்தைக் கம்பனி தொடக்கத்திலிருந்தே செல்லாததாக்கி, கட்டிய பணத்தையும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். கவனயீனத்தால் விட்டதாயின், சரியான கட்டணத்தில் எவ்வளவு கட்டினாரோ அந்த விகிதத்தில் நட்டஈடு குறையும். உதாரணமாக, 800 பவுண் கட்டவேண்டியவர் 600 பவுண் கட்டியிருந்தால், 4,000 பவுண் சேதத்துக்கு 3,000 பவுணே கிடைக்கும். எங்களுக்குத் தெரிந்த இன்னோர் இல்லத்தில் இவ்வாறே நடந்தது. குறைந்துபோன பணத்தைவிட, "நீங்கள்தானே படிவத்தை நிரப்பினீங்கள்" என்று தகப்பனும் மகனும் மாதக்கணக்கிற் பேசாதிருந்ததே அவ்வீட்டுத் தாயை வாட்டியது.

ஒப்பந்தம் ஒருமுறை செல்லாததாக்கப்பட்டால் அதன் நிழல் நெடுந்தூரம் தொடரும். அடுத்த கம்பனியின் படிவத்தில், "எந்தக் காப்புறுதியாவது உங்களுக்கு இரத்துச் செய்யப்பட்டதா?" என்ற கேள்வி காத்திருக்கும். அதற்கு ஆம் என்று எழுதுபவர் செலுத்தும் கட்டணத்தோடு ஒப்பிட்டால், மூன்று புள்ளிக்கான மேலதிகக் கட்டணம் சிறியதாகவே தோன்றக்கூடும். காப்புறுதியின்றி ஓட்டிப் பிடிபட்டாலோ 300 பவுணும் 6 புள்ளிகளும். வாகனத்தையும் பொலிசார் எடுத்துச் செல்லலாம்.

"அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்ற கேள்வியும் இக்காலத்துக்குப் பொருந்தாது. முன்னாளிற் புள்ளிகள் கடதாசிப் பகுதியில் எழுதப்பட்டன. அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடலாம். பெரிய பிரித்தானியாவில் அக்கடதாசிப் பகுதி 2015 யூன் மாதத்தில் ஒழிக்கப்பட்டது. இப்போது பதிவு சுவான்சி நகரிலுள்ள சாரதிகள் திணைக்களத்தின் கணினியில் இருக்கிறது. அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கும் கம்பனி அதைக் கொண்டு பதிவை நேரே பார்க்க வல்லது.

இளைஞர் மறுநாள் வேலை முடிந்து எங்கள் வீட்டிலிருந்தே கம்பனியை அழைத்தார். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண் பேசினார். குற்றத்தின் குறியீடு என்ன, நடந்த தேதி எது, எத்தனை புள்ளி என்று மூன்றே கேள்விகள். எஸ்.பி. 30 என்றார் இவர். பொது வீதியில் வேக எல்லை மீறியதற்கான குறியீடு அது. மேலதிகக் கட்டணமும் பதிவு மாற்றும் கூலியும் சேர்த்து அறுபது பவுண் அளவில் வந்தது. அந்தக் கூலி எதற்கு என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வைத்தியசாலை மருந்துக்கு வரி கட்டுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அவர் கட்டினார். மனைவி தேநீர் ஊற்றினார்.

இவ்வளவில் முடிந்தது என்று எண்ணிவிடவேண்டாம். எஸ்.பி. 30 குற்றம் சாரதியின் பதிவில் நான்கு ஆண்டுகள் நிற்கும், பின்னர் நீங்கும். ஆயினும் கம்பனிகள் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் நடந்ததைக் கேட்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும், 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வயதுவந்தோரின் புள்ளிப் பதிவு ஐந்து ஆண்டுகளின் பின்பே கழிந்துபோனதாகக் கொள்ளப்படுவதுதான் காரணம். அந்த ஐந்தாம் ஆண்டிலே பலர் தடுமாறுகின்றனர். பதிவில் இல்லையே என்று "இல்லை" என எழுதிவிடுகின்றனர். கேள்வியில் எத்தனை ஆண்டு என்று இருக்கிறதோ அத்தனை ஆண்டுக்கு விடை எழுதவேண்டும். விழிப்புணர்வு வகுப்புக்குச் சென்றது குற்றத்தீர்ப்பு அன்று. அதற்குப் புள்ளியும் இல்லை. அதை எல்லாக் கம்பனிகளும் கேட்பதில்லை. கேட்கும் கம்பனிக்கு மட்டும் ஆம் என்றால் போதும். மனைவியோ மகனோ பத்திரத்திற் பெயர் குறிக்கப்பட்டவராயின் அவர்களுடைய புள்ளிகளும் இக்கணக்கிற் சேரும்.

கம்பனியின் முடிவு அநியாயமென்று தோன்றினால் முதலில் அக்கம்பனிக்கே எழுத்தில் முறையிடவேண்டும். எட்டு வாரத்துள் தீராவிடில், அல்லது அவர்களுடைய இறுதி விடை திருப்தி தராவிடில், நிதிச் சேவைகளுக்கான குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம், அதற்குக் கட்டணமில்லை. கம்பனியைத் தொலைபேசியில் அழைப்பவர்கள் தண்டக் கடிதத்தையும் அனுமதிப்பத்திரத்தையும் அருகில் வைத்துக்கொள்க. பேசியவரின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, மாற்றம் பதிவானதை எழுத்தில் அனுப்புமாறு கேட்டுப் பெறுக. எங்கள் இளைஞருக்கு அக்கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. அதையும் வாசித்துக் காட்டினோம்.