கேட்கப்படாத வினா

சில ஆண்டுகளுக்கு முன், நோய்வாய்ப்பட்ட பாட்டியாரைப் பார்க்கத் தாயுடன் நோர்வேயிலிருந்து வந்த சிறுவன் ஒருவன், அதிபரின் இசைவோடு ஒரு மாத காலம் எமது ஒன்பதாம் வகுப்பில் வந்தமர்ந்தான். ஒஸ்லோவிற் பிறந்தவன், வார இறுதித் தமிழ் வகுப்பிலே தமிழ் கற்றவன். அன்று நாம் திருக்குறளின் உழவு அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். பல்கலைக்கழகத்திற் பழகிய முறைப்படி பரிமேலழகர் உரையைப் பிரித்தும் விரித்தும் சொல்ல, மாணாக்கர் கொப்பிகளில் எழுதிக்கொண்டிருந்தனர். அவன் இருந்த இடத்திலிருந்தே கேட்டான்:

“சேர், உரைகாரர் சொன்னது விளங்குது. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?”

வகுப்புத் திகைத்தது. “முதலில் எழும்பி நின்று கதை. அதிகப்பிரசங்கம் இங்கே வேண்டாம்” என்றோம். நாற்பது பிள்ளைகளும் சிரித்தனர். அவன் முகம் சிவக்க எழுந்து நின்றான். பின்னர் அந்த மாதம் முழுவதும் அவன் வாய் திறந்தானில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நாம் காட்டியது கோபம், மறைத்தது வெட்கம். அக்குறளைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதை நாமே அறிந்திருக்கவில்லை. பட்டம் பெறும்வரை எந்த ஆசிரியரும் அவ்வினாவை எம்மிடம் கேட்டதில்லை. ஆசிரியரான பின் நாமும் எவரிடமும் கேட்டதில்லை.

பின்னொருநாள் அவன் தாயாரைக் கண்டு பேசினோம். அங்கே பிள்ளைகள் ஆறு வயதிற் பாடசாலை புகுகின்றனர். முதல் ஏழு வகுப்புகளிலும் அவர்களுக்குப் புள்ளி வழங்கப்படுவதில்லை. எட்டாம் வகுப்பிலேதான் அது தொடங்குகின்றது. ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைக்கின்றனர். “பிள்ளை வகுப்பிலை கதைக்கிறானில்லை எண்டு அங்கை ரீச்சர் கவலைப்பட்டுக் கூப்பிடுவா. இங்கை கதைக்கிறான் எண்டு கூப்பிடுறியள்” என்று சொல்லிச் சிரித்தார் அவ்வம்மையார். அச்சிரிப்பு எம்மைத் தைத்தது.

இதனைக் கண்டு, அவர்களுடைய இரத்தத்திலேயே சுதந்திரம் ஊறியிருக்கின்றது என்று எண்ணுவோர் தவறுவர். நோர்வேயின் பாடசாலைகளிலும் ஒரு காலத்திற் பிள்ளைகளை அடித்தனர். 1936 இற் சட்டமே அதனைத் தடுத்தது. சாமி இனப் பிள்ளைகளின் தாய்மொழியைப் பல தலைமுறைகளாக ஒடுக்கியதும் அதே நாட்டுப் பாடசாலைதான். அதற்காக அந்நாட்டுப் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2024 இலேதான். ஆகவே வகுப்பறைச் சுதந்திரம் பிறப்பிலே வந்த பண்பன்று. மனிதர் போராடியும் சட்டம் இயற்றியும் செல்வத்தைப் பகிர்ந்தும் ஆக்கிக்கொண்டது. அது இன்னும் முற்றுப்பெற்றதுமன்று.

நாமும் எதுவும் ஆக்காதவரல்லர். கன்னங்கரா காலத்தில், 1945 இல், இலவசக் கல்வி வந்திராவிடில் இக்கட்டுரையை எழுதும் கை மண்வெட்டியையே பிடித்திருக்கும். உடற்றண்டனையைத் தடுக்கும் சுற்றறிக்கை 2005 இல் வெளியானது. ஆயினும் பிரம்பு மறைந்த இடங்களிலும் அச்சம் மறையவில்லை. பத்து வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருத்தி, விடையே செல்வம் என்று பழக்குகின்றோம். நாற்பது பிள்ளைகளையும் முடிக்கவேண்டிய பாடத்திட்டத்தையும் சுமக்கும் ஆசிரியனுக்கு ஒரு மாணாக்கனின் வினா இடையூறாகவே தோன்றுகின்றது.

நம் பிள்ளைகளுக்குத் தன்னிச்சையாக இயங்கத் தெரியாது என்பாருமுளர். அதே வகுப்பில் மீனவர் மகள் ஒருத்தி இருந்தாள். விடியுமுன் எழுந்து, கரையில் தந்தைக்கு உதவி, சமைத்து, தம்பியர் இருவரையும் பாடசாலைக்கு அழைத்து வருபவள் அவள். தனது மதிய உணவைத் தானே கட்டிக்கொள்வதைப் பெருமையாகச் சொல்லியிருந்த ஒஸ்லோச் சிறுவன், அவள் கதையைக் கேட்டு வியந்து நின்றான். ஒரு குடும்பத்தையே தாங்கும் அப்பிள்ளை வகுப்பில் ஒருநாளேனும் வாய் திறந்ததில்லை. உழைப்பிலே சுதந்திரம் தந்த சமூகம், சிந்தனையில் அதனைத் தர மறுத்தது. மறுத்த கை எமது கை.

அவன் திரும்பிச் செல்லுமுன் வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அதன் பின்னர் ஒவ்வொரு பாடத்தின் இறுதிப் பத்து நிமிடங்களையும் வினாவுக்கென ஒதுக்கினோம். இரண்டு வாரங்கள் மௌனமே நிலவியது. மூன்றாம் வாரம் அப்பெண் எழுந்தாள். நிலத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:

“உழவுக்கு ஓர் அதிகாரம் வைச்ச வள்ளுவர், கடற்றொழிலுக்கு ஏன் சேர் வைக்கேல்லை?”

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. பரிமேலழகரிடம் அதற்கு விடையில்லை, எம்மிடமும் இல்லை. “தெரியாது பிள்ளை. நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டோம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்னர் பேசத் தொடங்கினாள். மணி அடித்தது, எவரும் எழவில்லை.