லாம்பு எந்தக் கையில்?

சினிமாவிலே உதவி டைரக்டராக வேலை பார்த்தவர் என்று எவராவது எம்மை அறிமுகஞ் செய்து வைத்தால், கேட்பவர் முகத்தில் முதலில் ஒரு மலர்ச்சி தோன்றும். அடுத்த கேள்வி பெரும்பாலும் கதாநாயகியைப் பற்றியதாகவே இருக்கும். அந்த அம்மையாருக்கு வெயில் படாமற் குடை பிடித்ததும், ஒலிப்பதிவு நடக்கும் வேளையிற் காகங்களைத் துரத்தியதும், அயல்வீட்டு நாய்க்குப் பாண் துண்டு போட்டு அதன் வாயை அடைத்ததுமே எமது பிரதான அலுவல்கள் என்று சொன்னதும் அந்த மலர்ச்சி மெல்ல மங்கிவிடும். சொன்னது பொய்யன்று. ஆயினும் உதவி டைரக்டரின் உண்மையான உத்தியோகம் வேறொன்று. எல்லோரும் மறந்துவிடுவதை ஞாபகம் வைத்திருப்பதே அது.

இந்நாட்டிலே தயாரான சிங்களப் படங்கள் தொடக்க காலத்திற் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களின் துணையுடனேயே பிறந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்தின் பொருட்டுக் கமராவைக் கிராமத்துக்கே கொண்டு சென்றார். இலங்கைத் தமிழ்ப் படம் இதற்கும் பின்னே பிறந்த பிள்ளை. 1972இல் ‘குத்துவிளக்கு’, 1977இல் ‘பொன்மணி’, 1978இல் ‘வாடைக்காற்று’ என்று எழுபதுகளிலே அது தத்தித் தத்தி நடந்தது. நாம் வேலை பார்த்த படமும் அக்காலத்ததே. அதன் பெயரைச் சொல்லி இப்போது பயனில்லை; காரணம் பின்னே விளங்கும்.

கதையிலே ஒன்றன்பின் ஒன்றாக வரும் காட்சிகளை அதே ஒழுங்கிற் படம் பிடிப்பதில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள். ஒரு பெண் வீட்டு வாசலைத் தாண்டுவதை வியாழக்கிழமை எடுப்போம். தாண்டிய அதே பெண் கடற்கரையிற் போய் நிற்பதை அதற்கு முந்திய திங்கட்கிழமையே எடுத்து முடித்திருப்போம். திரையிலோ இரண்டுக்கும் இடையில் ஒரு கணந்தான். பொட்டு எவ்வளவு பெரிது, சேலைத் தலைப்பு எந்தத் தோளில், மூக்குப்பேணியில் எவ்வளவு தேநீர் மிச்சம் என்பவற்றையெல்லாம் ஒருவர் குறித்து வைக்காவிட்டாற் படம் கேலிக்கூத்தாகிவிடும். இன்று எடுத்ததை எடுத்த இடத்திலேயே திரையிற் பார்த்துக்கொள்ளலாம். அன்று படச்சுருள் கொழும்புக்குப் போய்க் கழுவப்பட்டு வரும்வரை எவருக்கும் ஒன்றுந் தெரியாது. அந்த இடைவெளி முழுவதும் எமது கொப்பியிலேயே தங்கியிருந்தது. நாற்பது தாளில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி.

படச்சுருளோ அந்நியச் செலாவணி கொடுத்துத் தருவிக்கும் பண்டம். நானூறு அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். ஆகவே ஒரே காட்சியை மூன்றாந் தடவை எடுக்கும்படி கேட்க டைரக்டரே தயங்குவார். கமராவின் முன்னே நாம் தட்டும் அந்தக் கட்டையைப் பலர் வேடிக்கைப் பொருள் என்று எண்ணுகிறார்கள். படம் ஒரு யந்திரத்திலும் ஒலி வேறொரு யந்திரத்திலும் பதிவாகின்றன. கட்டை மூடும் கணம் ஒன்றிலே கண்ணுக்குத் தெரியும். மற்றதிலே காதுக்குக் கேட்கும். அதைக் கொண்டே எடிட்டர் இரண்டையும் பொருத்துவார். அதைத் தட்டத் தெரியாமல் முதல் நாளே எமது விரலை நாம் நசித்துக்கொண்டது வேறு கதை.

மணற்காட்டிலே ஐந்து நாட்கள் படப்பிடிப்பு. மணலுக்குள் அரைவாசி புதையுண்டு நிற்கும் பழைய தேவாலயத்தால் வடமராட்சியின் அந்தக் கடற்கரையூரை அறிந்தவர் பலர். இரவு கடலுக்குப் போன மகன் விடிந்தும் திரும்பவில்லை. தாய் அரிக்கன் லாம்புடன் கரையில் நிற்கிறாள். இதுதான் காட்சி. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வரவேண்டிய நடிகை வராமற் போகவே, ஊரிலிருந்தே ஓர் ஆச்சியை அழைத்து வந்தோம்.

“தம்பி, உந்தப் பெட்டியை நான் பார்க்கக் கூடாது எண்டு சொல்லுறியள். அது மட்டும் என்னைப் பார்க்கலாமோ?” என்று கேட்டார் ஆச்சி. எல்லோரும் சிரித்தோம். பின்னர், மகனை எதிர்பார்த்து நிற்பதுபோலக் கடலைப் பார்க்கவேண்டும் என்று டைரக்டர் விளக்கத் தொடங்கினார். “உது எனக்குச் சொல்லித் தரவேணுமோ?” என்று மாத்திரம் சொல்லிவிட்டு ஆச்சி கடலின் பக்கம் திரும்பினார். அதன்பின் எவரும் சிரிக்கவில்லை.

தூரத்துக் காட்சியை எடுத்து முடிப்பதற்குள் சூரியன் மேலேறிவிட்டது. முகத்தைக் கிட்டத்திற் காட்டும் காட்சியை மூன்றாம் நாள் விடியற்காலையிற்றான் எடுக்க முடிந்தது. கொப்பியைப் பார்த்து எல்லாவற்றையும் சரிசெய்தோம். ‘ஆச்சி. வெள்ளைச் சேலை. கீழ்க்கரை ஈரம். லாம்பு, திரி தாழ்ந்தது’ என்று எழுதியிருந்தது. கரையைக்கூட நாமே கடல்நீரால் நனைத்தோம்.

கொழும்பிலே எடிட்டர் இரண்டு துண்டுகளையும் ஒட்டி ஓடவிட்டார். நிறுத்தினார். மறுபடியும் ஓடவிட்டார். தூரத்திலே லாம்பு ஆச்சியின் இடது கையில். கிட்டத்திலே வலது கையில். டைரக்டர் எம்மை ஏசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் எமக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். திரும்ப எடுக்கப் பணமுமில்லை, சுருளுமில்லை. இறுதியில் எடிட்டர், ஒரு சுருளின் வாலிலே எஞ்சியதை வீணாக்காமல் எடுத்திருந்த வெறுங் கடலின் நாலைந்து விநாடிகளைத் தேடிப்பிடித்து இரண்டுக்கும் நடுவிலே வைத்தார். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கண் கையைக் கவனிப்பதில்லை. படம் வெளிவந்தபோது ஒரு விமர்சகர், அந்தத் தாயின் மனத்தையே கடலாகக் காட்டிவிட்டார்கள் என்று அவ்விடத்தைத் தனியே எடுத்துப் பாராட்டினார். டைரக்டர் எம்மைப் பார்த்தார். நாம் கூரையைப் பார்த்தோம்.

படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப்பட்டியலை எழுதியதும் நாமே. லொறிச் சாரதி முதற் சமையற்காரர் வரை ஒருவரையும் விடவில்லை. ஆச்சியின் பெயரை எழுத வந்தபோதுதான், அதை நாம் கேட்கவேயில்லை என்பது ஞாபகம் வந்தது. சம்பளச் சீட்டிலே அவர் பெருவிரலடையாளம் வைத்தபோதும் மேலே ‘ஆச்சி’ என்றே எழுதியிருந்தோம். ஆகவே ‘மணற்காடு மக்கள்’ என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிட்டோம். படம் ஓடத் தொடங்கினாற் சொல்லியனுப்பச் சொல்லி அவர் கேட்டிருந்தார், நாமும் தலையாட்டியிருந்தோம். அடுத்த கிழமை அனுப்பலாம் என்றிருந்தபோது படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

1983 ஜூலைக் கலவரத்திலே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாகிப் பல படங்கள் அங்கே அழிந்தன. எமது படத்தின் பிரதிகளும் அதே நாட்களில், வேறோரிடத்தில், எரிந்து போயின. அந்த இடது கையும் வலது கையும் நடுவிலிருந்த கடலும் இப்போது எங்குமில்லை. எவர் கண்ணிலும் படக்கூடாது என்று நாம் வேண்டிக்கொண்ட பிழையை, ஒரே ஒரு தடவையாவது மறுபடியும் பார்க்கமாட்டோமா என்றிருக்கிறது. எஞ்சியிருப்பது கொப்பி ஒன்றே.

2010ஆம் ஆண்டில் அதை எடுத்துக்கொண்டு மணற்காட்டுக்குப் போனோம். 2004 டிசம்பரிலே கடல் பொங்கி வந்து அள்ளிய கரை அது. வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம், படத்திலே லாம்பு பிடித்த ஆச்சியின் குடும்பத்தார் எவரேனும் இங்கு இருக்கிறார்களா என்று விசாரித்தோம்.

“எந்த ஆச்சி, ஐயா? அந்த நாளையிலை இஞ்சை எல்லா ஆச்சிமாரும் லாம்போடைதானே கரையிலை நிண்டவை. ஆளின்ரை பேரைச் சொல்லுங்கோ.”

நாம் கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினோம். அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.