முறிந்த போல்ட்

இயந்திரங்களின் பெரும் பழுதுகளைக் காட்டிலும் அவற்றின் சிற்றுறுப்புகளே சில வேளைகளில் மனிதனை அதிகம் சோதிக்கின்றன. விரல் நீளமுமில்லாத போல்ட் ஒன்று எனக்குக் கற்பித்த பாடத்தை இங்கு எழுத விழைகின்றேன்.

நாவிதன்வெளியில் கல்லோயா நீர் பாயும் வயல் எங்களுடையது. நான் பொறியியல் பீடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவனாயிருந்தபோது விடுமுறையில் ஊர் வந்திருந்தேன். சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்தாயிற்று. வாப்பாவின் இருசில்லு உழவு இயந்திரத்தில் புகை கசிந்தது. சைலன்சரை இறுக்கிய இரு போல்ட்டுகளுள் ஒன்று கழல மறுத்தது. ஸ்பனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி முழுப் பலத்துடன் திருகினேன். தலையோடு பாதித் தண்டு கையில் வந்தது. மீதி சிலிண்டர் ஹெட்டுக்குள் தங்கிவிட்டது.

துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. ஆகவே புரிகளுக்கிடையே ஆப்பாக இறுகிவிடும். விரிவுரையில் இதனை எழுதிப் படித்தவன் நான். ஆயினும் எண்ணெயிட்டு ஓரிரவு பொறுக்க மனம் வரவில்லை. ஹெட்டைக் கழற்றிக் கல்லில் சாய்த்துக் கைத்துளைப்பொறியால் துளைத்தேன். துளை நடுவை விட்டு விலகியது. அதில் 'ஈசி அவுட்' கருவியை அறைந்து திருகினேன். கூம்பு வடிவான அக்கருவி உட்செல்லச் செல்லப் போல்ட்டின் சுவரை மேலும் வெளியே நெருக்கியது. ஈற்றில் தானும் முறிந்தது. சாதாரண துளையூசி தொடவியலாத கடினமான உருக்கு இப்போது துளைக்குள்!

வாப்பா ஏசவில்லை. உம்மாவின் காப்பை அடகு வைத்துக் கூலிக்கு ஓர் இயந்திரம் பேசினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைப் பட்டறையொன்றுக்கு ஹெட்டைக் கொண்டு சென்றேன். பட்டறைக் காக்கா அதனை இரு கைகளாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முறிஞ்சத எடுக்கிறது கடைசி வேல, தம்பி. முதல்ல இதுக்குப் படுக்க இடம் செய்வம்."

துளை மேல்நோக்கி நிற்கவேண்டுமாயின் ஹெட்டின் மேடுபள்ளமான பக்கமே கீழே வரும்; எந்தக் கிடுக்கிக்கும் அது அடங்காது. அவர் மரக்கட்டையொன்றை அப்பள்ளங்களுக்கேற்பச் செதுக்கினார், ஆப்புகள் வைத்தார், இரும்புப் பட்டைகளால் துளைப்பொறியின் மேசையோடு இறுக்கினார், மூலைமட்டம் வைத்து மும்முறை பார்த்தார். பின்னர் முறிந்த கருவியைச் சிற்றுளியால் மெல்லத் தட்டி நொறுக்கித் துணுக்குகளை அகற்றினார். சைலன்சரின் அடித்தகட்டை அளவாகக் கொண்டு இரும்புத் தகடொன்று வெட்டி, அதனை நல்ல துளையில் பூட்டி, மறுதுளைக்கு நேரே ஓர் உருக்கு வளையம் பொருத்தினார். அவ்வளையத்தினூடே சென்ற துளையூசி என் கோணல் துளையைப் பின்பற்றவியலாது நடுவே இறங்கியது. 8 மில்லிமீற்றர் போல்ட்டின் புரிக்கு 6.8 மில்லிமீற்றர் துளை உரியது, அவரோ 6.5 உடன் நிறுத்தினார். எஞ்சிய மெல்லிய புரிச்சுருள் ஊசிமுனையில் கம்பிபோலக் கழன்று வந்தது. ஹெட்டின் பழைய புரிக்கு ஒரு கீறலுமில்லை.

துளைத்தது அரைமணி நேரம். படுக்கை அமைத்தது அரை நாள்.

வெறும் பலத்தால் நான் கெடுத்ததை அவர் பொருளின் வடிவத்துக்குப் பணிந்து சீராக்கினார். கோணலான பொருளை நம் வசதிக்கு வளைக்கவியலாது. அதன் கோணலுக்கேற்ற இருக்கையை நாமே அமைத்தல் வேண்டும்.

உம்மாவின் காப்பு அறுவடைக்குப் பின்னரே மீண்டது. அப்புரிச்சுருள் இன்றும் என் மேசையிலுண்டு. ஆய்கூடத்தில் மாணவர் விரையும்போது அதனைக் காட்டி, "பொருளை ஒழுங்காகக் கிடத்தினீர்களா?" என்றே முதலிற் கேட்பேன்.