பிரதிக்குள் அகப்படாத சிரிப்பு

ஜான் மேடிசன் மார்ட்டன் எழுதிய ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ 1847 நவம்பர் 1 அன்று லண்டன் லைசியம் தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியது. ஒரே அங்கம், ஒரே அறை, மூன்றே பாத்திரங்கள். கதையின் வேர் பிரெஞ்சு நாடகங்களில் இருக்கிறது. வீட்டுக்காரி திருமதி பௌன்சர் ஒரே அறையை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டு, இரட்டை வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறாள். பாக்ஸுக்குச் செய்தித்தாள் அச்சகத்தில் இரவு வேலை. காக்ஸ் தொப்பி செய்பவன், அவனுக்குப் பகல் வேலை. காக்ஸுக்கு எதிர்பாராமல் ஒருநாள் லீவு கிடைக்கிறது. அவ்வளவுதான் முடிச்சு.

ஃபார்ஸ் என்ற சிரிப்பு நாடகம் போட வருகிற இளைஞர்களுக்கு இதைத்தான் நான் முதல் பாடமாக வைக்கிறேன். காரணம், அதில் வரும் காலைச் சிற்றுண்டிக் காட்சி. பாக்ஸ் வேலை முடிந்து வருகிறான், பன்றி இறைச்சித் துண்டை அடுப்பில் வைக்கிறான், கட்டிலின் திரைக்குப் பின்னால் போய்ப் படுக்கிறான். காக்ஸ் வருகிறான், அந்த இறைச்சியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தன் ஆட்டுக்கறியை அடுப்பில் போடுகிறான், தட்டு எடுக்கப் பக்கத்து அறைக்குப் போகிறான். போகும்போது கதவை அறைந்து சாத்துகிறான். அந்தச் சத்தத்தில் பாக்ஸ் விழித்து, ஆட்டுக்கறியைப் பார்க்கிறான், ஜன்னல் வழியே வீசுகிறான். அவன் அந்தப் பக்கம் போனதும் காக்ஸ் வந்து, மறுபடி அடுப்பேறியிருக்கும் இறைச்சியைப் பார்த்து, அதையும் ஜன்னலுக்கு வெளியே அனுப்புகிறான். அந்த அறைக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இன்னும் பார்க்கவே இல்லை!

இந்தக் காட்சியைப் பிரதியில் படித்தால் சிரிப்பு வராது. ‘எடுக்கிறான்’, ‘வீசுகிறான்’ என்று வறட்டுக் குறிப்புகள்தான் இருக்கும். பொருள் ஜன்னலைத் தாண்டியதும் நடிகன் உடனே திரும்பிவிட்டால் அரங்கில் ஒரு சலனமும் இருக்காது. அது தெருவில் போய் விழும் நேரத்தை அவன் மனசுக்குள் கணக்கிட வேண்டும், கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் அடுப்பின் பக்கம் போக வேண்டும். அரங்கம் வெடிப்பது அந்தக் கை துடைப்பில்தான்.

தமிழில் போட்டபோது கதையைத் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைக்குக் கொண்டுவந்தேன். பாக்ஸ், தினசரிப் பத்திரிகையில் இரவு ஷிஃப்டு பார்க்கும் பிழைதிருத்துநர் ஆனான். காக்ஸுக்கு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன் வேலை. பன்றி இறைச்சி கருவாடாயிற்று. ப்ராப்பர்ட்டிக்கு அட்டையில் செய்த கருவாடு வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அட்டைக்கு எடை கிடையாது, வீசும்போது நடிகனின் தோள் பொய் சொல்லிவிடும். நிஜக் கருவாடு அடுப்பேறினால் முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், அதுவும் காட்சிக்கு லாபம்தான்.

இத்தகைய ஃபார்ஸ்கள் இந்தியாவுக்கு வந்த வழி எளிது. அன்றைய லண்டனில் பெரிய நாடகம் ஒன்று முடிந்தபின் இரவைக் கலகலப்பாக முடித்துவைக்க ஒரு ஃபார்ஸ் போடுவார்கள். தாமஸ் ஹெய்ல்ஸ் லேசி என்ற பதிப்பாளர் இவற்றையெல்லாம் மலிவான சிறு புத்தகங்களாகப் போட்டார். யார் எந்த உடை, எந்தக் கதவு வலது, எந்தக் கதவு இடது என்ற குறிப்புகளும் அவற்றில் இருக்கும். பெரிய நடிகர் தேவையில்லை, இங்கிருந்த ஆங்கிலப் படைமுகாமில் ஒரு மேஜை, இரண்டு கதவு, கட்டில் கிடைத்தால் போதும். பெண் வேஷத்துக்கு மீசை அரும்பாத இளம் அதிகாரி ஒருவர் பாவாடை கட்டிக்கொள்வார். நம் சுகுண விலாச சபை நாடகங்களில் நடிகர் ரங்கவடிவேலு ஸ்திரீ பார்ட் கட்டியதை மெச்சுகிறவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பம்பாய் கிராண்ட் ரோடு தியேட்டரில் 1853இல் பார்சிக் குழு ‘ருஸ்தம் – சோராப்’ கதையை நடித்துவிட்டு, அதன் பின்னால் ஒரு ஃபார்ஸும் போட்டது. நிகழ்ச்சி வரிசை லண்டனுடையது, கதை பாரசீகத்துடையது, மொழி நம்முடையது. கல்கத்தாவில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1860இல் இரண்டு பிரகசனங்கள், அதாவது ஃபார்ஸ்கள், வெளியிட்டார். ஒன்று ஆங்கில நாகரிகத்தில் மயங்கிய இளைஞர்களைச் சாடியது, மற்றொன்று பக்திமானாக நடித்த கிழட்டு ஜமீன்தாரை. எழுதச் சொன்ன பைக்பாரா ராஜாக்களே தங்கள் பேல்காச்சியா அரங்கில் அவற்றைப் போடவில்லை. விருந்துக்குப் பின் வெற்றிலை பாக்குப் போல வந்த வடிவம், பெரிய மனிதர்களைப் பதைக்க வைத்திருக்கிறது. ஒரு கலைவடிவம் ஓர் ஊரில் வேர்விட்டுவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

1876இல் அது அரசாங்கத்தையும் தொட்டது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது, வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜி தம் வீட்டுப் பெண்களைக் கொண்டே அவருக்கு வரவேற்பு கொடுத்தார். ஊர் கொதித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் உடனே ‘கஜதானந்தா ஓ ஜுபராஜ்’ என்ற ஃபார்ஸைப் போட்டது. போலீஸ் தடுத்ததும் ‘ஹனுமான் சரித்ர’ என்று பெயரை மாற்றி மறுபடி போட்டார்கள். அதுவும் நின்றபோது, போலீஸ் கமிஷனர் ஹாக், சூப்பரின்டெண்டென்ட் லாம் இருவரின் பெயர்களை வைத்தே ‘பன்றியும் ஆடும் நடத்தும் போலீஸ்’ என்று இன்னொன்று வந்தது. பிப்ரவரி 29 அன்று வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார். சில நாட்களில் வேறொரு நாடகத்தை ஆபாசம் என்று காட்டி அந்தத் தியேட்டரின் உபேந்திரநாத் தாஸ், அம்ருதலால் பாசு முதலியோரைக் கைது செய்தார்கள். ஆண்டு முடிவதற்குள் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிறைவேறியது.

அந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு தொழில் நுட்பம் இருக்கிறது. பெயரை மாற்றினாலும் நடிகனின் நடை மாறவில்லை, அவன் குனிந்து வணங்கும் கோணம் மாறவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. லண்டனிலும் புதிய நாடகப் பிரதியை லார்டு சேம்பர்லைன் அலுவலகம் படித்து உரிமம் தர வேண்டும் என்ற விதி 1968 வரை இருந்தது. அங்கேயும் அதிகாரி படித்தது வசனத்தைத்தான்.

1876 சட்டத்தின் வாரிசு நம் ஊரிலும் இருந்தது. தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது 1954இல். பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. மேடையில் நிற்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

கல்கத்தாக்காரர்களின் கதையைப் படித்தபின் என் ஒத்திகை முறையை மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் முதல் வாரம் யாருக்கும் வசனம் தருவதில்லை. அடுப்பு, ஜன்னல், கட்டில், இரண்டு கதவு மட்டும் உண்டு. வாயைத் திறக்காமல் அந்தச் சிற்றுண்டிக் காட்சியை நடித்து, அறையில் இருப்பவர்களைச் சிரிக்க வைத்தபிறகுதான் பிரதி கைக்கு வரும்.