கடலின் சிறுபொழுது

நெய்தல் நிலத்திற்கு எற்பாடு என்னும் சிறுபொழுதைத் தொல்காப்பியர் உரிமையாக்கினார் என்பதைத் தமிழ் பயில்வோர் தொடக்கத்திலேயே நெட்டுருச் செய்துவிடுகின்றனர். எல் என்பது கதிரவன். பாடு என்பது படுதல். கதிரவன் சாயும் பிற்பகல் கடற்கரைக்கு ஏன் உரித்தாயிற்று என வினவின், இரங்கல் என்னும் உரிப்பொருளுக்கு அப்பொழுது பொருந்தும் என்பதே வகுப்பறையில் யாம் கேட்கும் விடை. அவ்விடை செவ்விதே. ஆயினும் கடலைப்பற்றிய இக்கால ஆராய்ச்சிகளைச் சிறிது படித்தவிடத்து, அப்பொழுதிற்குக் கடலினகத்தேயே வேறொரு சிறப்பும் உளதெனக் கண்டு வியந்தோம். முன்னோர் இதனை அறிந்தே வகுத்தனர் என்று வாதிட யாம் முன்வரவில்லை. அத்தகைய வாதங்கள் இந்நாளில் வேண்டுமளவு மலிந்துள்ளன.

எம் ஊராகிய ஓட்டப்பிடாரம் கப்பலோட்டிய வ. உ. சிதம்பரனார் 1872-இல் பிறந்த ஊரேயாயினும், அங்கு நின்று நோக்கினால் கடல் தோன்றாது, கரிசற்காடே தோன்றும். கோடையில் அம்மண் கால் நுழையுமளவு வெடிக்கும். மேல்மண் உதிர்ந்து வெடிப்பினுள் வீழும். மழை பெய்தவுடன் மண் உப்பி, வெடிப்பு மூடி, அடிமண் மேனோக்கித் தள்ளப்படும். தன்னைத்தானே உழுதுகொள்ளும் நிலம் என இதனைக் கூறுவர். மண்ணூலார் இவ்வகை மண்ணுக்கு இட்ட பெயரும் புரட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. கரிசல் ஆண்டுதோறும் செய்யும் இத்தொழிலை வெப்பநாட்டுக் கடல் நாள்தோறும் செய்கின்றது.

அது நிகழுமாறு கூறுவோம். காலையில் ஏறும் கதிரவனது வெப்பத்தில் பெரும்பகுதியை மேலுள்ள சில மீட்டர் நீரே ஏற்றுக்கொள்கின்றது. சூடேறிய நீர் இலேசானது. குளிர்ந்த நீர் கனமானது. இலேசானது மேலும் கனமானது கீழுமாக அடுக்கு அமைந்துவிட்டால் இரண்டும் எளிதிற் கலவா. காற்றடங்கிய நாளில் பிற்பகலுக்குள் மேற்பரப்பு ஒன்று முதல் மூன்று பாகைவரை சூடேறுதலுண்டு. பலத்த காற்றாயின் அச்சூடு ஆழத்திற் பகிர்ந்து அற்பமாகிவிடும். எற்பாட்டில் நிலைமை மாறுகின்றது. கதிரவன் தருவதினும், ஆவியாகவும் வெப்பக்கதிராகவும் கடல் இழப்பது மிகுகின்றது. குளிர்ந்து கனத்த நீர் கீழிறங்க, கீழ்நீர் மேலெழ, இரவெல்லாம் கடல் புரள்கின்றது. விடியுமுன் அப்புரளல் பல பத்து மீட்டர் ஆழம் எட்டிவிடும். பகலில் அமைந்த அடுக்கின் சுவடும் இராது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் மாலையை முன்வைத்து நாளை எண்ணுகின்றதன்றோ? கடலுக்கு அக்கணக்கே பொருந்துமெனத் தோன்றுகின்றது.

1984-ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டின்மீது, நீரினுள் நுண்கருவிகளை இறக்கிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனினும் புதுமை கண்டனர். இரவுக் குளிர்ச்சி தானே எட்டும் ஆழத்திற்குக் கீழும் நீர்க்கொந்தளிப்பு இரவில் மிகுந்து பகலில் தணிந்தது. அங்குக் கீழே கிழக்கு நோக்கி விரையும் நீரோட்டமொன்று உளது. மேல்நீரோ மேற்கு நோக்கிச் செல்வது. இவ்விரண்டும் உராயுமிடத்தை மாலைப்பொழுது தூண்டிவிடுகின்றது என்பர்.

எம் வங்கக் கடலின் இயல்பு வேறு. கங்கை, பிரமபுத்திரா, மகாநதி, கோதாவரி முதலிய ஆறுகள் கொட்டும் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய மூடியாகப் பரவிக்கிடக்கின்றது. இரவுப் புரளல் அம்மூடியைக் கடந்து கீழுள்ள குளிர்நீரைத் தொடுதல் அரிது. ஆகவே மேற்பரப்பு சூடு ஆறாமலிருந்து மேகத்தை வளர்க்கின்றது. 2016 ஜூன், ஜூலைத் திங்களில் 'சிந்து சாதனா' என்னும் ஆராய்ச்சிக்கப்பல், இலங்கைக்குக் கிழக்கே தென்வங்கக் கடலில் இந்திய, ஆங்கில நாட்டு அறிஞரைச் சுமந்து நின்று இவற்றையெல்லாம் அளந்தது.

கடலோரத்தாரும் அல்லாத எமக்கு இதனால் ஆவதென்னை என்பார் உளராயின், எம் புஞ்சைகளைக் காட்டுவோம். மானாவாரி நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி, மழைக்கு முன்னரே புழுதியில் விதையிடுவோர் உளர். கம்பும் உளுந்தும் அவ்வாறே மண்ணுட் காத்துக்கிடக்கும். அவ்வாண்டு, 2016-இல், அப்பருவமழை தமிழகத்தில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2023 டிசம்பர் 18-ஆம் நாள் காலையுடன் முடிந்த ஒரே நாளிலோ, எம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. இவற்றுக்குக் காரணங்கள் பல. கடலின் அன்றாடப் புரளல் ஒன்றையே சுட்டுதல் பேதைமை. ஆயின் இந்தியப் பெருங்கடலில் எழுந்து, முப்பது முதல் அறுபது நாளுக்கொருமுறை மேகக்கூட்டங்களைக் கிழக்கே செலுத்தும் பேரலை ஒன்றுண்டு. அதனை ஆராய 2011-இல் மாலத்தீவை நடுவாகக் கொண்டு நிகழ்ந்த பெருமுயற்சியில், காற்றடங்கிய நாட்களின் பிற்பகற் சூடே அடுத்துவரும் மழைக்கு ஈரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைக்கின்றது எனக் கண்டனர். கடலை நாளுக்கு ஒருமுறை மட்டும் நோக்கும் கணிப்புமுறைகளில் இச்சூடு சராசரியில் மறைந்துவிடும். மேலடுக்கை நுண்ணிதாய்ப் பிரித்துப் பகலையும் இரவையும் தனித்தனியே கணக்கிடுவன அப்பேரலையைச் செவ்வையாகக் காட்டுகின்றன. புழுதியில் விதையிட்டுவிட்டு, முதல் மழை இவ்வாரம் வருமோ, பத்து நாள் பிந்துமோ என்று கேட்கும் எம் ஊரார்க்கு வேண்டிய விடையும் அத்தகைய கணக்கிலிருந்தே வருதல் வேண்டும்.