டிராயரில் கிடந்த சின்ன பாட்டில்



நம் சபையில் கைக்குழந்தையோடு வரும் இளம் குடும்பங்கள் பல இருப்பதால், முதல் வருடத்தில் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் என்னைக் கேட்டார்கள். நான் நர்ஸ் என்பதால் கேட்டார்கள். தாய்ப்பால், கூழ், முட்டை என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. சபைக்கு முன்பாக நான் சொல்ல வேண்டிய ஒன்று எட்டு வருடமாகப் பாக்கி இருக்கிறது.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, ஹாலுக்குப் பின்னால் இருக்கும் சமையலறையில் டீ கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருத்தி நாலு மாதக் குழந்தையைத் தோளில் போட்டபடி பக்கத்தில் வந்து நின்றாள். பேச்சுவாக்கில், "பிள்ளைக்கு வைட்டமின் சொட்டு கொடுக்கிறாயாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா. நீங்கள் நேர்ஸ்தானே. உங்கட மகளுக்கு ஆறு மாசம் தாய்ப்பாலைத் தவிர ஒண்டும் குடுக்கேல்லை எண்டு பெண்கள் கூட்டத்தில சொன்னனீங்கள். அதாலதான் நானும் குடுக்கேல்லை."

கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டேன். தாய்மாருக்குத் தைரியம் சொல்லும்படி நான் அப்படிச் சொன்னது மெய்தான். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

என் மகள் 2016 செப்டம்பரில் இந்த லண்டனில் பிறந்தாள். நான் நர்சிங் படித்தது தமிழ்நாட்டில். படிக்கிற காலத்தில் கிராமங்களுக்கு எங்களை அனுப்புவார்கள். வீடு வீடாகப் போய், "ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தண்ணீர் வேண்டாம், சீனித் தண்ணீர் வேண்டாம், தேன் வேண்டாம்" என்று சொல்லுவோம். அது நல்ல போதனை. கெட்ட தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றுகிற போதனை. அதை நான் முழுமனதாய் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பிரசவத்துக்குத் துணையாக அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்தார்கள். பெட்டியில் உரைமருந்துப் பொட்டலம் இருந்தது. "அதெல்லாம் வேண்டாம்மா" என்று நான் சொன்னதும், மறுபேச்சில்லாமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும், தினமும் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் கேட்டார்கள்: "ஏட்டி, இந்த ஊர்ல பிள்ளைய எங்க வெயில்ல காட்டுவ?"

நான் சிரித்தேன். "இங்க ஹீட்டர் இருக்கும்மா, குளிராது" என்றேன். குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல், பிள்ளையை ஜன்னல் கண்ணாடியின் ஓரமாகக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தார்கள்.

பத்தாம் நாளைக்குப் பிறகு ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வந்தார். சிவப்புப் புத்தகத்தில் எடையைக் குறித்துவிட்டு, "தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தினமும் வைட்டமின் டி சொட்டு கொடுக்க வேண்டும்" என்றார். கடையில் வாங்கினேன். மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் எனக்குள் ஒரு எண்ணம் வந்தது: "ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று எத்தனை தாய்மாருக்குச் சொன்னவள் நான். கர்த்தர் கொடுத்த பாலில் என்ன குறை இருக்கப்போகிறது?" அந்தச் சின்ன பாட்டிலை டிராயரில் போட்டு மூடினேன். அடுத்த முறை ஹெல்த் விசிட்டர் கேட்டபோது, "வாங்கிவிட்டேன்" என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

2017 மார்ச், ஒரு சனிக்கிழமை மாலை. அம்மா அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். பால் குடித்து முடித்து மடியில் கிடந்த பிள்ளையின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு இரண்டு கையும். கண் மேலே செருகிவிட்டது. உதட்டில் நீலம். வார்டில் வலிப்பு வந்தவர்களை எத்தனையோ முறை கவனித்தவள் நான். அன்று 999க்குப் போன் செய்தபோது சொந்த விலாசம் வாயில் வரவில்லை. என் கணவர்தான் போனை வாங்கிச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இல்லை என்று பார்த்தார்கள். ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்திருந்தது. ஒரு இளம் டாக்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "வைட்டமின் டி கொடுக்கிறீர்களா?"

"வாங்கி வைத்திருக்கிறேன்" என்றேன்.

அவர் காத்திருந்தார். "கொடுக்கிறீர்களா?" என்று திரும்பவும் கேட்டார்.

"இல்லை."

இருதயத் துடிப்பைக் கவனிக்கும் கருவியை மாட்டி, நரம்பு வழியாக மெல்லக் கால்சியம் ஏற்றினார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் நுனி தெளிவாக இல்லாமல் பிசிறு பிசிறாக இருந்தது. ரிக்கெட்ஸ் நோயின் ஆரம்பம். இருதயத்தையும் ஸ்கேன் செய்தார்கள். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிற்பாடு வாசித்தபோதுதான் புரிந்தது.

கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரி மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்த மற்ற மருத்துவர்களும் 2008இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 2000 முதல் 2006 வரை, இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில், வைட்டமின் டி குறைவால் இருதயம் பலவீனமாகி வந்த 16 குழந்தைகளைப் பற்றியது அது. எல்லாரும் கருமையான தோல் உடையவர்கள். எல்லாரும் தாய்ப்பால் குடித்த பிள்ளைகள். பாதிக்கு மேற்பட்டோர் குளிர்காலம் முடிகிற மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். அவர்களில் 3 பேர் இறந்துபோனார்கள். அந்தப் பக்கத்தை வாசித்த இரவு நான் தூங்கவில்லை.

என் மகளின் இருதயம் நன்றாக இருந்தது. சில வாரங்கள் சிகிச்சை, பிறகு தினமும் சொட்டு மருந்து. இன்று அவளுக்கு எட்டு வயது. ஞாயிறு பள்ளியில் அவள் ஓடுகிற ஓட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தாய்ப்பாலில் குறையா என்று கேட்டேனே, அதற்குப் பதில் இதுதான். நாம் உண்ணும் கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குள் சேர வைட்டமின் டி வேண்டும். அதை நம் உடல் பெரும்பாலும் வெயிலிலிருந்து தானே செய்துகொள்கிறது. தாயின் உடலில் இருப்பதில் கொஞ்சம்தான் பாலில் இறங்கும். தாயிடமே குறைவாக இருந்தால் பாலில் இன்னும் குறைவு. அன்று என் ரத்தத்தைச் சோதித்தபோது எனக்கும் குறைவாகவே இருந்தது. பாலின் வேலையைப் பால் செய்கிறது. இந்த ஒரு வேலையைக் கர்த்தர் சூரியனிடம் கொடுத்திருக்கிறார்.

திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் சூரியன் அந்த வேலையை நமக்குத் தெரியாமலே செய்துவிடுகிறது. நம் பாட்டிமார் பிள்ளையைக் குளிப்பாட்டி இளவெயிலில் காட்டியபோது அதற்கு வைட்டமின் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் லண்டன் பூமத்திய ரேகையிலிருந்து 51 பாகைக்கும் மேல் வடக்கே இருக்கிறது. திருநெல்வேலி 9 பாகைகூட இல்லை. இங்கே அக்டோபர் முதல் மார்ச் ஆரம்பம் வரை வெயில் அடித்தாலும், வைட்டமின் செய்யத் தேவையான கதிர் அதில் போதாது. நம்முடைய தோலுக்கு வெள்ளைக்காரரைவிட அதிக வெயில் வேண்டும். அந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதும் இல்லை. கிராமத்தில் கற்ற பாடம் சரியான பாடம். அந்தப் பாடத்தில் பாதியை அங்கே சூரியன் நிறைவேற்றிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என் அம்மா கவனித்தார்கள். டிகிரி வாங்கிய நான் சிரித்தேன். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் டிராயரில் கிடந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். "தாய்ப்பால் மட்டும்" என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போதே, வைட்டமின் சொட்டும் மருந்தும் கொடுக்கலாம் என்றுதான் சொல்லுகிறது. அந்த வரியைப் படிக்கிற காலத்தில் நான் படித்திருக்க வேண்டும்.

இது நம்மவர்களுக்கு மட்டும் வந்த வெட்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1650இலேயே பிரான்சிஸ் கிளிசன் என்ற மருத்துவர் ரிக்கெட்ஸைப் பற்றி இந்த லண்டனில் புத்தகம் வெளியிட்டார். ஐரோப்பாவில் அதற்கு "ஆங்கிலேயர் நோய்" என்றே பெயர் இருந்தது. நிலக்கரிப் புகை வெயிலை மறைத்த காலங்களில் இந்த ஊர்த் தெருக்களில் கால் வளைந்த பிள்ளைகள் ஏராளம். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில்தான், எட்வர்ட் மெலன்பி லண்டனில் நாய்க்குட்டிகளை வைத்துச் சோதித்து, காட் மீன் எண்ணெய் இந்த நோயைத் தடுக்கிறது என்று காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசாங்கமே தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த எண்ணெயை வழங்கியது. இன்று நம் கையில் இருக்கும் சொட்டு மருந்து அதன் பேரப்பிள்ளை.

இனி, சொல்ல மிகவும் கஷ்டமானது. என் மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் எல்லாரும் ஜெபித்தீர்கள். "காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது" என்று உங்களிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை. நர்ஸின் பிள்ளைக்கே இப்படியா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். நீங்கள் எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தீர்கள். நானோ உங்களுக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே காரியத்தை உங்களிடமிருந்து மறைத்தேன். என் பெருமை எனக்குள் மட்டும் தங்கவில்லை. எட்டு வருடம் கழித்து, சமையலறையில், இன்னொரு பிள்ளையின் தோளருகே வந்து நின்றது.

அன்று அந்தத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நாளைக்கே வாங்கிறனக்கா" என்றாள். மறுநாள் ஹெல்த் விசிட்டரிடமும் பேசினாள். பிள்ளை நன்றாக இருக்கிறது.

ஆகாரைப் பற்றி அடிக்கடி நினைப்பேன். வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோய், பிள்ளை சாவதைப் பார்க்க மனமில்லாமல் தூரப் போய் உட்கார்ந்து அழுதவள். கர்த்தர் அங்கே புதிதாய் ஒரு துரவை உண்டாக்கினார் என்று வேதம் சொல்லவில்லை. அவள் கண்களைத் திறந்தார், துரவு அவளுக்குத் தெரிந்தது. என் வீட்டிலும் துரவு ஏற்கெனவே இருந்தது. சொட்டு மருந்து கொடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், ஆகார் துரவைக் கண்ட பிறகு என்ன செய்தாள் என்று கேளுங்கள். எழுந்து போய்த் தண்ணீர் நிரப்பிப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

ஆசிரியர் குழுவினர் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

தாய்ப்பால் கொடுங்கள், தைரியமாகக் கொடுங்கள். அதோடு, பிறந்த நாள் முதல் ஒரு வயது வரை தினமும் 8.5 முதல் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி கொடுங்கள். சில பாட்டில்களில் 400 ஐ.யு. என்று போட்டிருக்கும், அது 10 மைக்ரோகிராம்தான். ஒரு கம்பெனியில் ஒரே சொட்டு, இன்னொன்றில் ஐந்து சொட்டு என்று மாறும். ஆகவே லேபிளை வாசித்து, அந்த அளவு மட்டும் கொடுங்கள். இரண்டு விதமான வைட்டமினைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். தினமும் 500 மில்லிக்கு மேல் பால்மாவு குடிக்கும் பிள்ளைக்கு இது தேவையில்லை, அதிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு வயதுக்குப் பிறகு நாலு வயது வரை தினமும் 10 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தாங்களும் 10 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஹெல்தி ஸ்டார்ட் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஆறு மாதம் ஆனதும் திட உணவு ஆரம்பியுங்கள். நன்றாக வேகவைத்த பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, கீரை எல்லாம் மசித்துக் கொடுக்கலாம். இரும்புச்சத்துக்கு அவை முக்கியம். கேழ்வரகுக் கூழில் கால்சியம் நிறைய உண்டு; ஆனால் அது உடம்பில் சேர அந்தச் சொட்டு தொடர வேண்டும். ஒரு வயது வரை தேன் வேண்டாம், உப்பு சேர்க்க வேண்டாம், பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்க வேண்டாம்.

காரணமில்லாமல் பிள்ளையின் கை கால் வெட்டி இழுத்தால், மூச்சு வாங்கினால், பால் குடிக்கும்போது வியர்த்துச் சோர்ந்தால், காத்திருக்காமல் மருத்துவ உதவி தேடுங்கள்.

தம்பிகளே, இது தங்கைகளுக்கு மட்டும் எழுதியது அல்ல. இரவில் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது சொட்டு கொடுப்பது அப்பாவின் வேலையாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் பிறகு அப்படித்தான் நடந்தது. மகன் பிறந்தபோது ஒரு நாளும் தவறவில்லை.

அந்த பாட்டில் இப்போது டிராயரில் இல்லை. டூத் பிரஷ் பக்கத்தில், எல்லாருடைய கண்ணும் படுகிற இடத்தில் நிற்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியே நிற்கட்டும். கர்த்தர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.